சென்னையைச் சுட்ட எம்டன்

"அவன் சாமான்யமானவன் அல்ல, சரியான எம்டன்!" என்று ஒருவரைப் பற்றி மற்றொருவர் சொல்வதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். சூழ்ச்சியில் வல்லவன், எதற்கும் அஞ்சாதவன், எதிர்பாராத நேரத்தில் எதிரே வந்து நிற்பவன், கண்டிப்பு மிகுந்தவன் ஆகிய இத்தனை பொருளும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. எங்கள் பொழிச்சலூரில் கண்டிப்பான தகப்பனார்களுக்குப் பிள்ளைகள் இரகசியமாகச் சூட்டுகிற பட்டமும் இதுதான். 2006-ஆம் வருஷத்தில் ஒரு படத்துக்கு 'எம்டன் மகன்' என்று பெயரிட்டுவிட்டு, தமிழ்ப் பெயர் கொண்ட படங்களுக்கே வரிச் சலுகை உண்டு என்பதை உத்தேசித்து 'எம் மகன்' என்று மாற்றினார்கள். ஆனால் தமிழ் அல்லாத அந்தச் சொல் தமிழர் நாவில் ஏறி நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஏதேனும் அகராதியிலிருந்து அது வந்ததா? இல்லை. கடலிலிருந்து, ஓர் இரவில், பீரங்கி முழக்கத்தோடு வந்தது.

எம்டன் என்பது ஜெர்மனி தேசத்தில் எம்ஸ் நதி கடலோடு கலக்கும் இடத்தருகே உள்ள ஒரு துறைமுகப் பட்டினம். அப்பட்டினத்தின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று, 1914-இல் வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் இரண்டு மாத காலம் நடத்திய திருவிளையாடல்களே இந்தக் கட்டுரையின் விஷயம்.

கப்பலின் பிறப்பு

பால்டிக் கடற்கரையிலுள்ள டான்சிக் நகரத்து அரசாங்கக் கப்பல் கட்டும் துறையில் 1908-ஆம் வருஷம் மே மாதம் 26-ந் தேதி எம்டன் நீரில் இறக்கப்பட்டது. அடுத்த வருஷம் ஜூலை 10-ந் தேதி கடற்படையில் சேர்க்கப்பட்டது. நீளம் சுமார் 388 அடி. கனம் 3,600 டன்னுக்குச் சற்று மேல். மூன்று புகைபோக்கிகள். நான்கு அங்குலத்துக்குச் சற்றே கூடிய வாயுள்ள பீரங்கிகள் பத்து, நீரடியில் பாயும் டார்பிடோக் குழாய்கள் இரண்டு. மணிக்கு 24 கடல் மைல் வரை ஓடும். 'குரூசர்' என்று சொல்லப்படும் வகையில் இது இலேசான ரகம். பெரிய போர்க்கப்பல்களோடு மோதுவதற்காக இதைக் கட்டவில்லை. வேவு பார்க்கவும், பகைவரின் வியாபாரக் கப்பல்களைத் துரத்திப் பிடிக்கவும், தூர தேசங்களில் தன் நாட்டுக் கொடியைக் காட்டவுமே கட்டினார்கள்.

இதனுடன் பிறந்த கப்பலாகிய டிரெஸ்டன் புதிதாக வந்த சுழல் யந்திரத்தால் ஓடியது. எம்டனுக்கோ பழைய முறையில் மேலும் கீழும் ஏறி இறங்கும் நீராவி யந்திரந்தான். ஜெர்மானிய இலேசுக் குரூசர்களில் அத்தகைய யந்திரம் பூண்ட கடைசிக் கப்பல் இதுவே. பன்னிரண்டு கொதிகலன்களுக்கும் நிலக்கரிதான் ஆகாரம். கரி உள்ளவரையில் ஓட்டம்; கரி தீர்ந்தால் சிங்கமும் எலிதான். ஜெர்மனிக்கு வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் ஒரு துறைமுகங்கூட இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எம்டனின் சாகசங்களில் பாதிக்குக் காரணம் விளங்கிவிடும். அது கப்பல்களை வேட்டையாடியது பகைவனை நஷ்டப்படுத்துவதற்கு மட்டுமல்ல, தன் வயிற்றை நிரப்பிக்கொள்வதற்கும்தான்.

1910 ஏப்ரலில் கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட எம்டன் மறுபடி ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. சீனக் கடற்கரையில் அப்பொழுது ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் நகரமே அதன் இருப்பிடம் ஆயிற்று. வெள்ளை வர்ணமும் வடிவழகும் கண்டு 'கிழக்கின் அன்னம்' என்று அதை அழைத்தார்கள். அந்த அன்னத்தின் முதல் வேலை என்ன தெரியுமா? பஸிபிக் சமுத்திரத்தில் பொனாப்பே என்ற தீவில், கட்டாய வேலை வாங்கும் ஜெர்மானிய அதிகாரிகளை எதிர்த்து அத்தீவு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1911 ஜனவரியில் அவர்களை அடக்குவதற்குச் சென்ற கப்பல்களில் எம்டனும் ஒன்று. ஏகாதிபத்தியம் எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் ஏகாதிபத்தியமே என்பதை வாசகர்கள் மறவாதிருக்க, இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நான்காவது புகைபோக்கி

1913-இல் காப்டன் கார்ல் ஃபொன் முல்லர் எம்டனின் தலைவரானார். அதிகம் பேசாதவர், நாற்பது வயது நிரம்பியவர். 1914 ஆகஸ்டில் ஐரோப்பிய யுத்தம் மூண்டபோது, ஜெர்மானியரின் கிழக்குப் பிராந்தியப் படைக்குத் தளபதி அட்மிரல் ஸ்பே. அவர் தம் கப்பல்களுடன் பஸிபிக் சமுத்திரத்தைக் கடந்து செல்லத் தீர்மானித்தார். "ஒரு கப்பலையாவது இந்து மகா சமுத்திரத்துக்கு அனுப்ப வேண்டும்" என்று முல்லர் வற்புறுத்தவே, எம்டனைத் தனியாகப் பிரிந்து போக அனுமதித்தார். மார்க்கமேனியா என்ற கரிக்கப்பல் ஒன்றே துணை.

இங்கிலீஷ்க்காரரின் யார்மத் என்ற குரூசருக்கு நான்கு புகைபோக்கிகள். எம்டனுக்கு மூன்று. ஆகவே மாலுமிகள் கித்தானைக் கொண்டு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் "நம்முடைய கப்பல்தான் வருகிறது" என்று நம்பினார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் எம்டன் இவ்வண்ணம் வேஷம் தரித்து வங்காள விரிகுடாவில் பிரவேசித்தது.

செப்டம்பர் 10-ந் தேதி முதல் வேட்டை ஆரம்பம். பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பல் இந்திய நிலக்கரியுடன் அகப்பட்டது. அந்தக் கரி மட்டமானது, புகையும் சாம்பலும் அதிகம் என்று ஜெர்மானியர் முகம் சுளித்தார்கள், ஆனாலும் விடவில்லை. அடுத்து வந்த இண்டஸ் என்ற கப்பல் துருப்புக்களை ஏற்றுவதற்காகப் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. எம்டனில் சோப்புத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்த வேளை. அந்தக் கப்பலிலோ சோப்பு மூட்டை மூட்டையாகக் கிடைத்தது! பிறகு லோவட், கில்லின், டிப்ளமாட், டிராபாக், கிளான் மாதேஸன் என்று வரிசையாகக் கடலடிக்குச் சென்றன. டிப்ளமாட்டோடு மூழ்கியது ஏராளமான தேயிலை.

ஒவ்வொரு கப்பலிலும் நடந்தது ஒரே விதந்தான். எம்டன் அருகே வந்து நிறுத்தச் சொல்லும். அதிகாரி ஒருவர் படகில் வந்து காகிதங்களைப் பரிசோதிப்பார். கப்பலில் இருந்தவர்கள் தங்கள் உடைமைகளை எடுத்துக்கொள்ள அவகாசம் தருவார். எல்லோரும் இறங்கிய பிறகே கப்பல் மூழ்கடிக்கப்படும். கபிங்கா என்ற கப்பலில் காப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்ததால் அதை மூழ்கடிக்காமல், பிடிபட்டவர்களையெல்லாம் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார் முல்லர். பிரிந்து போகும்போது அவர்கள் தங்களைச் சிறைப்பிடித்த பகைவனுக்கு வாழ்த்தொலி எழுப்பினார்கள் என்றால் வேறென்ன சொல்ல வேண்டும்?

இதற்குள் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் சென்னையிலும் கொழும்பிலும் கப்பல்கள் வெளியே புறப்பட அஞ்சித் துறைமுகங்களில் முடங்கின. இன்ஷூரன்ஸ் கட்டணங்கள் ஏறின. ஆங்கில, பிரெஞ்சு, ருஷ்ய, ஜப்பானியப் போர்க்கப்பல்கள் ஒரே ஒரு கப்பலைத் தேடி அலைந்தன.

நவராத்திரி மூன்றாம் நாள்

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. மகாளய அமாவாசை கழிந்து, நவராத்திரியின் மூன்றாம் நாள். இளம்பிறை முன்னிரவிலேயே மறைந்துவிட்டது. சென்னையின் கலங்கரை விளக்கம் அந்நாளில் ஹைகோர்ட்டுக் கட்டிடத்தின் உச்சியில் இருந்தது. அது வழக்கம்போல் ஒளி வீசிக்கொண்டிருந்தது. யுத்தம் மூண்டு ஏழு வாரமாகியும் கரையோர விளக்குகளை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இருட்டில் வந்த எம்டனுக்கு அந்த வெளிச்சமே வழிகாட்டியாயிற்று.

இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, கரையிலிருந்து ஏறக்குறைய 3,000 கஜ தூரத்தில் எம்டன் நின்றது. தேடு விளக்குகள் பளீரென்று எரிந்தன. துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் அவற்றின் ஒளி விழுந்தது. அடுத்த கணம் பீரங்கிகள் முழங்கின. சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் தீப்பிடித்தன, மூன்றரை லட்சம் காலன் அளவுக்கு எண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பல் சேதமுற்றது. சில குண்டுகள் குறி தாண்டி ஹைகோர்ட்டு மதிலுக்கும் துறைமுகக் காரியாலயத்துக்கும் சேதம் விளைத்தன. கரையிலிருந்து கிளைவ் பாட்டரிப் பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் பயனில்லை. வந்த காரியம் முடிந்ததும் எம்டன் விளக்குகளை அணைத்துவிட்டு இருளில் மறைந்தது. ஐந்து பேராவது அன்றிரவு உயிரிழந்தார்கள்.

எண்ணெயை எரித்ததனால் யுத்தத்தின் போக்கு மாறிவிடவில்லை. முல்லரின் நோக்கமும் வேறு. இந்தியர்களிடையே பரபரப்பு உண்டாக வேண்டும், வியாபாரம் கலங்க வேண்டும், ஆங்கிலேயரின் மதிப்புக் குறைய வேண்டும் என்பதே தாம் கருதியது என்று பின்னால் தமது அறிக்கையில் அவரே சொல்லியிருக்கிறார். மூன்றும் கைகூடின.

ஊரை விட்டு ஓட்டம்

மறுநாள் முதல் சென்னை காலியாகத் தொடங்கியது. மாட்டு வண்டிகளிலும் கால்நடையாகவும் ரயிலிலும் ஆயிரக்கணக்கானவர்கள் குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். எழும்பூரிலிருந்து பல்லாவரம், தாம்பரம் வழியாகத் தெற்கே செல்லும் பாதையில், இன்று நாம் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போய் வருகிறோமே, அதே பாதையில், பாத்திரம் பண்டங்களுடன் உறவினர் ஊர்களைத் தேடிப் போனவர்கள் எத்தனையோ பேர். எம்டன் மறுபடி வரும் என்ற வதந்தி அதைக் காட்டிலும் வேகமாக ஓடியது. கப்பல் ஒருமுறைதான் வந்தது. பயம் தினந்தோறும் வந்தது.

இந்த ஓட்டத்தைப் பரிகாசமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. கடலுக்கு அதிபதிகள் தாங்களே என்று ஆங்கிலேயர் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அவர்களை நம்பி மக்கள் கதவைத் திறந்து வைத்துத் தூங்கினார்கள். தங்களைக் காக்க வேண்டியவர்களால் காக்க முடியவில்லை என்பதை ஒரே இரவில் கண்டுகொண்ட சாமானியர்கள், குழந்தை குட்டிகளைக் காப்பாற்றிக்கொள்ளப் புறப்பட்டார்கள். கையில் ஆயுதமும் இல்லை, ஆட்சியில் பங்கும் இல்லை என்றிருப்பவன் வேறு என்ன செய்வான்? பிறகு 1942 ஏப்ரலில் ஜப்பானியர் படையெடுப்பார்கள் என்று அஞ்சியபோது, சென்னையை விட்டு முதலில் வெளியூர்களுக்குக் கிளம்பியவற்றில் சர்க்கார் காரியாலயங்களும் உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். எம்டன் மூழ்கடித்த வியாபாரக் கப்பல்கள் 16. அத்தனையும் ஆங்கிலேயருடையவை. நம் கடலில், நம் சரக்கை ஏற்றிச் சென்ற கப்பல்களில் நம்மவர் கப்பல் ஒன்றேனும் ஏன் இல்லை? தூத்துக்குடியில் 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கி, அவரையும் சிறையில் செக்கிழுக்க வைத்த சரித்திரமே அதற்குப் பதில். எம்டன் வந்த சமயத்தில் அவர் விடுதலை பெற்றுச் சென்னையில்தான் வறுமையோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

பினாங்கிலிருந்து கோகோஸ் வரை

சென்னையிலிருந்து எம்டன் புதுச்சேரிக்கு எதிரே தலைகாட்டி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்கே போயிற்று. கொழும்புக்கு அருகிலும் மினிக்காய்த் தீவுப் பக்கத்திலும் மேலும் பல கப்பல்கள் அகப்பட்டன. அவற்றுள் பியூரெஸ்க் என்பதில் முதல்தரமான வேல்ஸ் தேசத்து நிலக்கரி 6,000 டன்னுக்கு மேல் கிடைத்தது. பஞ்சத்தில் அடிபட்டவனுக்குக் களஞ்சியமே கிடைத்தாற்போலாயிற்று. அக்டோபரில் டீகோ கார்ஷியா என்ற ஒதுக்கமான ஆங்கிலத் தீவுக்குச் சென்றபோது, அங்குள்ளவர்களுக்கு யுத்தம் மூண்ட செய்தியே இன்னும் எட்டியிருக்கவில்லை! ஜெர்மானியர்களும் அதைச் சொல்லவில்லை. சாவகாசமாகக் கப்பலைச் சுத்தம் செய்து, கரி ஏற்றி, தீவிலிருந்தவரின் மோட்டார்ப் படகையும் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 28-ந் தேதி விடியற்காலையில், நான்கு புகைபோக்கிகளுடன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது எம்டன். அங்கே நங்கூரமிட்டிருந்தது செம்சுக் என்ற ருஷ்யக் குரூசர். அதன் காப்டன் இரவில் கரைக்குப் போயிருந்தார், காவல் சரியில்லை. டார்பிடோக்கள் பாய்ந்து கப்பல் மூழ்கிற்று. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். வெளியேறும் வழியில் எதிர்த்த மூஸ்கே என்ற சிறிய பிரெஞ்சுப் போர்க்கப்பலும் மூழ்கியது. நீரில் தத்தளித்த பிரெஞ்சுக்காரர்களை எம்டன் நின்று பொறுக்கி எடுத்து, காயங்களுக்குச் சிகிச்சை செய்து, எதிர்ப்பட்ட ஓர் ஆங்கில வியாபாரக் கப்பலில் ஏற்றி அனுப்பியது.

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு முடிவு வந்தது. கோகோஸ் தீவுகளில் கடலடித் தந்திக் கம்பிகள் கூடும் நிலையம் ஒன்று இருந்தது. அதை அழித்துவிட்டால் ஆஸ்திரேலியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் இடையே செய்திப் போக்குவரத்துத் தடைப்படும். நவம்பர் 9-ந் தேதி காலை, லெப்டினன்ட் மூக்கே தலைமையில் ஐம்பது பேர் கரையில் இறங்கினார்கள். ஆனால் அதற்குள் நிலையத்தார், "அன்னியக் கப்பல் வந்திருக்கிறது" என்று கம்பியில்லாத் தந்தியில் கூவிவிட்டார்கள். ஆஸ்திரேலியத் துருப்புக்களை ஏற்றிய கப்பற்கூட்டம் ஒன்று அன்று தற்செயலாக ஐம்பது மைல் சுமாரில் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த சிட்னி என்ற குரூசர் விரைந்து வந்தது.

சிட்னியின் பீரங்கிகள் ஆறு அங்குல வாயுள்ளவை. வேகமும் அதற்கே அதிகம். முதலில் சரியாகக் குறி வைத்தது எம்டன்தான். ஆயினும் சிறிது நேரத்தில், எம்டனின் குண்டுகள் எட்டாத தூரத்தில் நின்றே சிட்னி அதை நொறுக்கத் தொடங்கியது. புகைபோக்கிகள் சாய்ந்தன; கொடிமரம் முறிந்தது; பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மிச்சமிருந்தவர்களையாவது காப்பாற்ற எண்ணிய முல்லர், வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் கப்பலை மோதி நிறுத்தினார். சிட்னி வேறொரு கப்பலைத் துரத்திவிட்டுப் பிற்பகலில் திரும்பியபோது ஜெர்மானியக் கொடி இன்னும் இறங்காதிருந்ததால் மறுபடியும் சுட்டது. அப்புறமே கொடி இறங்கிற்று. எம்டனில் மாண்டவர்கள் 130-க்கு மேல்; சிட்னியில் நால்வர்.

கரையில் இறங்கிய மூக்கேயும் அவருடைய ஆட்களும் என்னவானார்கள்? அங்கே கிடந்த ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துக்கொண்டு சுமத்ராவை அடைந்து, வேறு கப்பல் ஏறி அரேபியாவில் இறங்கி, பாலைவனத்தில் போராடி, 1915 மே மாதத்தில் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள். பிடிபட்டவர்களில் சிலர் சிங்கப்பூரில் சிறை வைக்கப்பட்டார்கள். 1915 பிப்ரவரியில் அங்கே ஐந்தாவது இலேசுக் காலாட்படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து அந்தச் சிறை முகாமைத் திறந்துவிட்டார்கள். ஜெர்மானியரில் பெரும்பாலோர் கலகத்தில் சேரவில்லை. சிலர் மட்டும் தப்பி ஓடினார்கள். சிப்பாய்களில் 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முல்லர் மால்டாவிலும் இங்கிலாந்திலும் சிறையிருந்து, பிறகு ஊர் திரும்பி 1923-இல் காலமானார். உயிர் தப்பியவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ள ஜெர்மானிய அரசாங்கம் அனுமதித்தது.

செண்பகராமன் கதை

எம்டனைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "நம் செண்பகராமன் பிள்ளை அல்லவா அந்தக் கப்பலில் வந்து குண்டு போட்டார்?" என் வகுப்பிலும் வருஷந்தோறும் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கத் தவறுவதில்லை. கிண்டி காந்தி மண்டப வளாகத்திலுள்ள அவர் சிலையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆவல் இன்னும் அதிகம்.

செண்பகராமன் பிள்ளை 1891-இல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; இளமையிலேயே ஐரோப்பா சென்றவர். 1914-இல் சுவிட்ஜர்லாந்தில் ஜூரிச் நகரத்தில் இந்திய விடுதலைக்காகச் சங்கம் அமைத்துப் பத்திரிகை நடத்தினார். அந்த வருஷத்து இலையுதிர் காலத்தில் பெர்லினுக்குச் சென்று அங்கே கூடிய இந்தியப் புரட்சிக்காரர்களுடன் சேர்ந்தார். எம்டனோ 1910-க்குப் பிறகு ஐரோப்பாவைப் பார்த்ததே இல்லை. ஜூரிச்சில் இருந்தவர் சீனக் கடலிலிருந்து புறப்பட்ட கப்பலில் எப்படி ஏறியிருக்க முடியும்? ஆகவே அவர் எம்டனில் வந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதனால் அவர் பெருமைக்கு ஒரு குறைவும் நேராது. அன்னிய நாட்டில் இருபது வருஷ காலம் தாய்நாட்டின் விடுதலையையே மூச்சாகக் கொண்டு, 1934-இல் பெர்லினில் உயிர் நீத்த ஒருவருக்கு, செய்யாத செயலைச் சூட்டித்தானா சிறப்புச் செய்ய வேண்டும்?

இந்தக் கதை ஏன் பிறந்தது என்பதை ஊகிக்கலாம். நம் தலைநகரை ஒருவன் சுட்டான். ஆனால் அவன் நம்மை அடிமைகொண்டவனுக்கு எதிரி. அவனை வெறுப்பதா, மெச்சுவதா என்று மனம் தத்தளித்தது. அந்தக் கப்பலில் நம்மவர் ஒருவர் இருந்தார் என்று சொல்லிக்கொண்டால் தத்தளிப்புத் தீர்ந்துவிடுகிறது. ஆறுதலான கற்பனைதான். ஆனால் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவன் ஆறுதலுக்காக உண்மையை விட்டுக்கொடுக்கலாகாது.

உண்மை இதுதான். முல்லர் வீரர், கண்ணியவான். பிடித்த வியாபாரக் கப்பல்களில் ஓர் உயிரையும் அவர் வாங்கவில்லை. ஆங்கிலேயரே அவரைப் புகழ்ந்தார்கள். அதே சமயம் சென்னைக் கரையை நோக்கிச் சுட்ட குண்டுகள் மனிதர்கள் நடமாடும் இடத்தில்தான் விழுந்தன. எண்ணெயைக் குறி வைத்தார் என்பதனால் மாண்டவர்கள் மீண்டு வந்துவிட மாட்டார்கள். இரண்டு வல்லரசுகளின் சண்டையில், இருவருக்கும் விரோதியல்லாத ஓர் ஊர் தன் கரையில் பிணங்களைப் பொறுக்க நேர்ந்தது. சுதந்திரம் இல்லாத தேசத்துக்கு, தான் எந்த யுத்தத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமைகூட இல்லை; அடி மட்டும் உண்டு. எம்டன் நமக்குக் கற்பித்த பாடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதையே சொல்வேன்.

பவளப் பாறையில் கிடந்த எம்டனின் உடலை 1950-களில் ஜப்பானியக் கம்பெனி ஒன்று உடைத்து இரும்பாக எடுத்துப் போயிற்று. அதன் பீரங்கி ஒன்று சிட்னி நகரத்துப் பூங்காவில் நிற்கிறது. ஹைகோர்ட்டின் கிழக்கு மதிலில், குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டு இருக்கிறது. கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் குண்டு ஒன்றையும் பார்க்கலாம். விடுமுறையில் குழந்தைகளைச் சென்னைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர்கள், கடற்கரையோடு திரும்பிவிடாமல் இந்த இரண்டையும் காட்டிவிட்டு வாருங்கள். "எம்டன் என்றால் கெட்டிக்காரன் என்று அர்த்தம்" என்பதோடு நிறுத்திவிடவும் வேண்டாம். கப்பலின் பெயர் நம் நாவில் நிலைத்துவிட்டது. அன்றிரவு மாண்டவர்களின் பெயர் ஒருவர் நாவிலும் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.